ஆறாவது வரியில் இருந்த பாடம்

என் மேசைக்கு வரப்போகிற இரண்டு பெண்களுக்கும் தமிழ் தெரியாது. அவர்களுக்குச் சொல்ல வேண்டியதை வங்காளியில் சொல்லிவிட்டேன். எந்த அலமாரிக் கதவைச் சற்றுத் தூக்கினால்தான் திறக்கும் என்பது உட்பட. இதை எழுதுவது வேறு ஊர்களில், வேறு கல்லூரி அலுவலகங்களில், இதே போன்ற ஒரு மேசையில் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் தமிழ்ப் பெண்களுக்காக. ஏழு வருடம் ஒன்றும் பெரிய சர்வீஸ் இல்லை. முழு சர்வீஸ் முடித்து ஓய்வு பெற்றவர்கள் எழுத வேண்டியதை, கணவருக்கு மாற்றல் வந்து வேலையை விடுகிற நான் எழுதலாமா என்று இரண்டு வாரமாக யோசித்தேன். இன்னும் முடிவாகத் தெரியவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

தெற்குக் கல்கத்தாவில் ஒரு கல்லூரியின் அகடமிக் செக்‌ஷனில் இருந்தேன். பட்டப்படிப்புக்கு வருகிற எல்லாரும் தங்கள் மேஜர் பாடத்தோடு, அதற்குத் தொடர்பில்லாத துறைகளிலிருந்து மூன்று பொதுப்பாடங்களையும் முடிக்க வேண்டும். வரலாறு படிக்கிறவள் கொஞ்சம் அறிவியல் தெரிந்துகொள்ள வேண்டும், இயற்பியல் படிக்கிறவன் கொஞ்சம் சமூகம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது நோக்கம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் பட்டம் கிடையாது. யார் எதை எடுக்கலாம் என்று பார்த்துப் படிவத்தில் இனிஷியல் போடுவது என் வேலை. விதிகள் எல்லாம் சுற்றறிக்கையில் இருக்கும், படித்துக்கொள்வீர்கள். ஒரு விதியை மட்டும் இங்கே சொல்கிறேன்: பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பாடத்தையே மறுபடி பொதுப்பாடமாக எடுக்கக் கூடாது.

முதலில் ஒரு சின்ன விஷயம். நான் சேர்ந்த புதிதில், பழைய பாடத்திட்டம் இருந்தபோது, தொல்லியல் அறிமுகம் என்ற பாடத்துக்கு எழுபது பேர் பெயர் கொடுத்தார்கள். துறையில் ஒரே சந்தோஷம். பெரிய அறை ஒதுக்கி, வெளியிலிருந்து ஒரு ஆசிரியரையும் ஏற்பாடு செய்தோம். பிறகு அறை கிடைக்காத காரணத்தால் வகுப்பை மதியத்திலிருந்து காலைக்கு மாற்றினோம். ஒரே வாரத்தில் நாற்பது பேர் பாடத்தை மாற்றித் தரச் சொல்லி வந்து நின்றார்கள். ஹவுரா பக்கத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் மதிய வகுப்பு முடிந்ததும் லோக்கல் ரயிலைப் பிடிக்கலாம் என்றுதான் அதை எடுத்திருக்கிறார்கள். தொல்லியலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அன்றிலிருந்து ஒவ்வொருவரிடமும் "ஏன் இந்தப் பாடம்?" என்று கேட்கத் தொடங்கினேன். வரிசை மெதுவாக நகரும். "மாத்ராஜி தீதி கவுண்டருக்குப் போகாத, வைவா வச்சிடுவாங்க" என்று பிள்ளைகள் ஒருவரை ஒருவர் எச்சரிப்பது என் காதில் விழும். அவர்களுக்கு நான் மதராஸ் அக்கா, என் கேள்வி வாய்மொழித் தேர்வு. அது நல்ல பழக்கம்தான், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் கேள்வி கேட்பது மட்டும் போதாது என்று அடுத்துச் சொல்லப்போகும் விஷயத்தில் தெரிந்துகொண்டேன்.

புதிய நாலு வருடத் திட்டம் வந்த வருடம், பிரசவ விடுப்பு முடிந்து சேர்க்கை சமயத்தில் திரும்பி வந்தேன். பையனுக்கு ஆறு மாதம். காளிகாட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மாஷி வீட்டில் காலையில் விட்டுவிட்டு மெட்ரோ ஏறுவேன். ஆறு மாதத்தில் அலுவலகத்தில் எல்லாம் மாறியிருந்தது: படிவம் புதிது, பாடங்களின் பெயர்கள் புதிது. என்னுடையது ஒப்பந்த வேலை. குழந்தை பெற்றவள் எல்லாவற்றையும் மறந்துவிட்டாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதே என் கவலை. அதனால் யார் எதைக் கேட்டாலும் உடனே பதில் சொன்னேன். தயங்கினால் தெரியாது என்று அர்த்தமாகிவிடும் என்று நினைத்தேன்.

கவுண்டர் திறந்த முதல் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, மௌமிதா வந்தாள். வரலாறு மேஜர். ஹவுரா பக்கம் சாந்த்ராகாச்சியிலிருந்து வருகிறவள், அப்பா அங்கே ரயில்வே யார்டில் ரயில் பெட்டிகளைச் சுத்தம் செய்யும் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தார். பொதுப்பாடத்தில் நியூட்ரிஷன் என்று எழுதியிருந்தாள். பேச்செல்லாம் வங்காளியில்தான் நடந்தது, தமிழில் எழுதுகிறேன்.

"ஏன் நியூட்ரிஷன்?"

"ஹெச்.எஸ்.ல கொஞ்சம் படிச்சிருக்கேன் தீதி. ஃபோர்த் சப்ஜெக்ட். மார்க் கம்மி, டோட்டல்ல சேரல. அதனால எடுக்கலாம்தானே?"

"டோட்டல்ல சேராதது எல்லாம் கணக்கே இல்ல. எடுத்துக்கோ."

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். மேற்கு வங்காள மாநிலத் திட்டத்தில் ஹெச்.எஸ்., அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, படித்தவர்களின் மதிப்பெண் பட்டியலில் இரண்டு மொழி, மூன்று பாடம் போக, ஆறாவதாக ஒரு வரி இருக்கும். விருப்பப் பாடம். மொழிகளை விட்டுவிட்டு எண்ணி, ஊரில் அதை ஃபோர்த் சப்ஜெக்ட் என்பார்கள். மதிப்பெண் குறைந்தால் மொத்தத்தில் சேராது. ஆனால் இரண்டு வருடம் வகுப்பில் உட்கார்ந்து, பரீட்சை எழுதி முடித்த பாடம் அது. இங்குள்ள பெரும்பாலான தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளைப் போல நானும் மத்தியத் திட்டப் பள்ளியில் படித்தவள். எங்கள் பள்ளியில் ஆறாவது பாடம் என்றால் பாட்டு, ஓவியம். யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும், பக்கத்துத் தெருப் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரியாது என்பதும் அப்போது தெரியவில்லை.

படிவத்தின் அடியில் "மேற்கண்ட பாடத்தைப் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கவில்லை" என்று ஒரு உறுதிமொழி அச்சாகியிருக்கும். மௌமிதா அதில் கையெழுத்துப் போட்டாள். நான் பக்கத்தில் இனிஷியல் போட்டேன். அப்போது மாஷி ஃபோன் செய்தார், பையன் பால் குடிக்கவில்லை என்று. பழியைப் பல நாள் அந்த ஃபோன் மேல் போட்டுப் பார்த்தேன். ஆனால் பதிலைச் சொன்ன பிறகுதான் ஃபோன் வந்தது.

நாலு வருடத் திட்டமானாலும் மூன்று வருடத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்களுக்கும் பட்டம் உண்டு. மூன்று வருடம் கழித்து, ஆறாவது செமஸ்டர் முடிவுக்கு முன், பல்கலைக்கழகத்திலிருந்து பதினோரு பெயர் கொண்ட ஒரு பட்டியல் வந்தது. பட்டம் கொடுப்பதற்கு முன் பள்ளி மதிப்பெண் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பத்துப் பெயர்களில் இருந்தது பாடத்தின் குறியீட்டைத் தட்டச்சு செய்ததில் வந்த பிழை. ஒரே மதியத்தில் சரி செய்தேன். பதினோராவது மௌமிதா. நியூட்ரிஷன் செல்லாது, மூன்றில் ஒரு பொதுப்பாடம் குறைகிறது.

கூப்பிட்டு அனுப்பினேன். வந்து நின்றவளிடம் படிவத்தைக் காட்டினேன். தன் கையெழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் தீதி தப்பா சைன் பண்ணிட்டேன் போல. சரியா படிக்கல."

"பி.எட். இடம் வந்ததுன்னு சொன்னியே?"

"வீட்டுப் பக்கத்துக் காலேஜ்லயே கிடைச்சிருக்கு. ஆகஸ்ட் கடைசிக்குள்ள பாஸ் ரிசல்ட் குடுக்கணும். இல்லாட்டி அந்த இடத்தை அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

அவ்வளவுதான் பேசினாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. கவுண்டரில் அன்று என்ன பேசினோம் என்பது அவளுக்கு நினைவிருக்கிறதா இல்லையா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கு நினைவிருந்தது.

எங்கள் செக்‌ஷனின் தலைமை எழுத்தரை எல்லாரும் பொரோபாபு என்றுதான் கூப்பிடுவோம். பதினொரு மணிக்குப் பொரி சாப்பிடுகிறவர். அந்தப் பத்து நிமிடம் யாருடைய ஃபைலையும் தொடமாட்டார். அவரிடம் போய், மாணவியின் பிழை என்றால் என்ன நடைமுறை, அலுவலகத்தின் பிழை என்றால் என்ன நடைமுறை என்று கேட்டேன். பொதுவாகக் கேட்பது போலத்தான் கேட்டேன்.

"ஸ்டூடண்ட் தப்புன்னா, அடுத்த முதல் செமஸ்டர்ல ஜூனியர்களோட உக்காந்து வேற பாடம் எழுதணும். ஒரு வருஷம் போகும். ஆபீஸ் தப்புன்னா கமிட்டி உடனே மாற்றுப் பரீட்சை வைக்கலாம்." ஒரு கைப்பிடி பொரியை வாயில் போட்டுக்கொண்டார். "ஆனா ஆபீஸ் தப்புன்னு எழுதினா, ஆபீஸ்ல யாருன்னு கேப்பாங்க. உன் காண்ட்ராக்ட் எப்போ புதுப்பிக்கணும் மா?"

"அடுத்த மாசம்."

"அப்போ நான் எதுவும் சொல்லல. எனக்குப் பென்ஷனுக்கு நாலு வருஷம் இருக்கு. டீ வேணா வாங்கித் தரேன்."

டீ வந்தது. குடித்து முடிக்கும்போது அவராகவே சொன்னார்: "எழுதறதா இருந்தா ரெண்டு வரிதான் எழுதணும். மூணாவது வரியில மன்னிப்பு ஆரம்பிச்சுடும். படிக்கிறவங்க அதைத்தான் படிப்பாங்க, பொண்ணை மறந்துடுவாங்க."

அன்று சாயங்காலம் வீட்டில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பிரசவ விடுப்பு, புதிய படிவம், வரிசையில் நின்ற கூட்டம், மாஷியின் ஃபோன், எல்லாம் வந்துவிட்டன. பையனுக்குச் சட்டை மாற்றிக்கொண்டே கணவர் படித்தார்.

"இது அந்தப் பொண்ணைப் பத்தின லெட்டரா, உன்னைப் பத்தினதா?"

"எல்லாம் நடந்ததுதானே?"

"நடந்ததுதான். ஆனா கேஸ் கட்டுல பால் டப்பா எதுக்கு?"

கோபம் வந்தது. பிறகு இரண்டு வரியாக மாற்றினேன். 'இந்த மாணவி ஆறாவது பாடத்தைப் பற்றி என்னிடம் கேட்டபோது, எடுக்கலாம் என்று நான் தவறாகச் சொன்னேன். பிழை அலுவலகத்துடையது, மாற்றுத் தேர்வுக்கு அனுமதிக்க வேண்டுகிறேன்.' அதைக் கொடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். உண்மையைச் சொல்வதுதான் கஷ்டம், சொல்லிவிட்டால் நம்புவார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது.

நம்பவில்லை. பொதுப்பாடக் கமிட்டியின் கன்வீனர் பொருளாதாரத் துறைப் பேராசிரியை, கறாரானவர், நியாயமானவர். குறிப்பைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பொண்ணு தன் தப்புன்னு சொல்றா. கையெழுத்தும் அவளோடது. நீ ஏன் உன் தலையில போட்டுக்கறே?"

"நான்தான் சொன்னேன் மேடம்."

"நீ சொன்னதை வேற யாராவது கேட்டாங்களா?"

"யாரும் இல்ல. நாங்க ரெண்டு பேருதான்."

"போன வருஷம் ஒரு பையனோட அட்டெண்டன்ஸுக்காக என் ரூம் வாசல்ல வந்து நின்னது நீதானே? அதுக்கு முன்னாடி வருஷம் ஃபீஸ் தேதிக்கு ஒரு பொண்ணு. உனக்கு இளகின மனசு. அதுக்காக ரெக்கார்டை மாத்த முடியாது. ஏதாவது ஆதாரம் இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டு வா."

உதவி செய்ய நின்றதெல்லாம் எனக்கு எதிரான சாட்சியாகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தவறு என்று அதைச் சொல்லவும் தோன்றவில்லை. ஆனால் இப்போது யாருக்காகவாவது பரிந்து பேசப் போவதற்கு முன், இது எத்தனையாவது முறை என்று எண்ணிப் பார்த்துக்கொள்கிறேன். உங்களுக்கும் அது பயன்படலாம்.

ஆதாரம் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் சிக்கல்.

மௌமிதா வந்து போன இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை, பக்கத்துக் கவுண்டரில் பொரோபாபு ஒருவனைத் திருப்பி அனுப்புவதைக் கேட்டேன். "ஃபோர்த் சப்ஜெக்டும் படிச்ச பாடம்தான்பா, போய் வேற எடு." மௌமிதாவுக்கு நான் சொன்ன பதில் நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து ஆறாவது வரியையும் பார்த்தேன், தவறான படிவங்களைச் சிவப்பு மையில் எழுதித் திருப்பினேன், அதே தாளில் வேறு பாடம் எழுதித் திரும்பக் கொடுத்தார்கள். செவ்வாய், புதன் படிவங்களை எடுத்து மறுபடி பார்க்க வேண்டும் என்றும் நினைத்தேன். நாலு மணிக்குள் மாஷி வீட்டுக்குப் போக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்தேன். மறுநாள் வேறு வேலை வந்தது. அடுத்த வாரம் படிவங்கள் கட்டாகிக் கிடங்கு அறைக்குப் போய்விட்டன.

ஆக, தெரியாமல் சொன்னது ஒரு தவறு, அது இரண்டு நாள் ஆயுள் உள்ளது. தெரிந்த பிறகு பார்க்காமல் விட்டது மூன்று வருடம் நீடித்தது. என் இரண்டு வரியில் முதலாவதுதான் இருந்தது.

இரண்டு மதிய இடைவேளைகள் கிடங்கு அறையில் உட்கார்ந்து அந்த வாரத்துக் கட்டைப் பிரித்தேன். செவ்வாய், புதனில் ஆறாவது பாடத்தையே பொதுப்பாடமாக எடுத்த மூன்று படிவங்கள் இருந்தன. மூன்றிலும் என் இனிஷியல். மற்ற இருவர் பிறகு வகுப்பு நேரம் ஒத்துவரவில்லை என்று பாடத்தை மாற்றிக்கொண்டதால் தப்பித்திருந்தார்கள். ரயில் அவர்களைக் காப்பாற்றியிருந்தது. வியாழனிலிருந்து அதே மாதிரியான நாலு படிவங்கள். நாலிலும் சிவப்பு மையில் என் கையெழுத்து: 'ஆறாவது பாடமும் கணக்கு. வேறு எடுக்கவும்.'

அந்த ஏழு தாள்களையும் மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் யோசித்தேன். முதல் மூன்றை மட்டும் காட்டலாம். ஒரே பிழை மூன்று முறை வந்திருக்கிறது என்று தெரியும், ஆனால் மூன்று பிள்ளைகளும் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள் என்றும் சொல்லிவிட முடியும். ஏழையும் காட்டினால்தான், புதன் வரைக்கும் நான் ஒன்றைச் சொன்னேன், வியாழனிலிருந்து வேறொன்றைச் சொன்னேன் என்று தெளிவாகத் தெரியும். வியாழனன்றே எனக்குத் தெரியும் என்பதும் தெரிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை ஏழையும் தேதி வாரியாக மேசையில் வைத்தேன். கன்வீனர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதிக நேரம் எடுக்கவில்லை.

"வியாழக்கிழமை தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுபோச்சு."

"செவ்வாய்க்கிழமை ஃபார்ம்ஸை ஏன் பாக்கல?"

"நாளைக்குப் பாக்கலாம்னு நினைச்சேன் மேடம்."

அவர் ஏழு தாள்களையும் ஒன்றாக அடுக்கினார். "இப்போ நம்பறேன்" என்றார். "பொய் சொல்றவங்க இதைக் கொண்டு வர மாட்டாங்க." பாராட்டு மாதிரி அவர் அதைச் சொல்லவில்லை, நானும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. உதவிப் பதிவாளருக்குக் கடிதம் தட்டச்சு செய்ய என்னையே உட்கார வைத்தார்.

மௌமிதாவுக்கு மூன்று வாரத்தில் மாற்றுத் தேர்வு அனுமதித்தார்கள். இருந்த நாலு பாடங்களில் எதை எடுக்கிறாய் என்று கேட்டேன். "எந்தப் பாடத்துக்கு மதியத்துல கிளாஸ் தீதி? ரயில் பிடிக்கணும்" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்துவிட்டாள். அன்றாட வாழ்வில் சட்டம் என்ற பாடத்தை எடுத்தாள். மூன்று வாரமும் தினமும் வந்தாள். ரொம்ப உயர்ந்த மதிப்பெண் இல்லை, தேவையானது வந்தது. ஆகஸ்ட் முடிய எட்டு நாள் இருக்கும்போது ரிசல்ட் கையில் கிடைத்தது.

என் சர்வீஸ் ஃபைலில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் சேர்ந்தது. ஒப்பந்தத்தை ஒரு வருடத்துக்குப் பதில் ஆறு மாதத்துக்குப் புதுப்பித்தார்கள். வருத்தமாகத்தான் இருந்தது. பொரோபாபு அன்றும் டீ வாங்கித் தந்தார்.

சான்றிதழ் வாங்க வந்த அன்று மௌமிதாவிடம் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாமோ என்று இப்போதும் தோன்றுகிறது.

"அன்னிக்கு நீ என்கிட்ட கேட்டது உனக்கு ஞாபகம் இருந்துதா?"

"இருந்துது தீதி."

"அப்புறம் ஏன் உன் தப்புன்னு சொன்னே?"

"கேட்டது எங்கயும் எழுதியிருக்கலையே. என் கையெழுத்துதானே இருந்துது." சான்றிதழைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொண்டாள். "சொல்லியிருந்தா நீங்க இல்லன்னு சொல்லியிருப்பீங்களோன்னு பயம். அப்புறம் உங்ககிட்ட வந்து எதையும் கேக்க முடியாது."

அவளுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. போய்விட்டாள்.

அடுத்த சேர்க்கைக்கு முன் கன்வீனரிடம் கேட்டுப் படிவத்தில் இரண்டு கோடுகள் சேர்க்க வைத்தேன். ஒன்று, மாணவர் கேட்டது. இன்னொன்று, அலுவலகம் சொன்னது. இரண்டையும் நாம்தான் எழுத வேண்டும், அவர்கள் முன்னாலேயே, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே. வரிசை இன்னும் மெதுவாகத்தான் நகர்கிறது. பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள். பக்கத்துக் கவுண்டர்க்காரர்களும் முணுமுணுக்கிறார்கள். உங்கள் கல்லூரிப் படிவத்தில் அந்தக் கோடுகள் இருக்காது. ஓரத்தில் பென்சிலால் எழுதினாலும் போதும்.

போன வாரம் பொரோபாபுவின் மேசையில் இந்த வருடத்துக் கட்டை ஒப்படைத்தேன். அவர் மேலாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு தாளில் நிறுத்தி, என் பக்கம் திருப்பிக் காட்டினார். சேர்க்கையின் முதல் நாள் படிவம். வேறு மாநிலத்துத் திட்டத்தில் படித்த ஒருவன், தொழிற்பிரிவில் படித்த பாடமும் கணக்கில் வருமா என்று கேட்டிருக்கிறான். முதல் கோட்டில் அவன் கேள்வி இருக்கிறது. இரண்டாவது கோட்டில் என் எழுத்தில்: 'தெரியாது. வியாழக்கிழமை கேட்டுச் சொல்கிறேன்.'

அதன் கீழேயே, வேறு மையில், வியாழக்கிழமைத் தேதி போட்டு, பதிலும் இருக்கிறது.